அழுகுணி ஆட்டம்

வண்டியை விட்டுவிட்டு நடப்பவருக்கு, அவரவர் கைப்பேசி எண்ணும் அடிக்கொரு புள்ளி என்று இரண்டு ஆண்டுகளாக நகராட்சி ஒரு விளையாட்டை நடத்திவந்தது. பட்டியலில் முதலிடம் தையற்காரரின் மகள் ‘வாலு’வுக்கு, இரண்டாமிடம் தையற்காரருக்கு.

சரிபார்க்க வந்த ஊழியர், நடந்து வந்து கடை திறந்த தையற்காரரின் சட்டைப்பையில் இரண்டு கைப்பேசிகளைக் கண்டார்.

“முயலைத் தூங்கவிட்டு ஆமை அதைச் சுமந்துக்கிட்டு ஓடின கதையா இருக்கே! இது அழுகுணி ஆட்டம்ணே. பொண்ணு பேரை எடுத்துடுவேன்.”

“வேணாம் தம்பி. முப்பது நாள் நடக்கலேன்னா பேரு போயிடும்னு உங்க விதி இருக்கே. அதுக்குத்தான் நடக்குறேன்.”

“பொண்ணே நடக்கட்டுமே!”

“அவ தவறிப்போயி ஆறு மாசமாச்சு. பள்ளிக்கூடத்துல பேரை அடிச்சுட்டாங்க. இப்ப அவ பேரு இருக்கறது உங்க பட்டியல்ல மட்டும்தான்.”

ஊழியர் இரண்டு கைப்பேசிகளையும் தையல் மேசைமேல் வைத்து ஒப்பிட்டார். ஒரே பையில் வந்தவைதாம்; ஆயினும் மகளின் கணக்கில் பத்தடி கூடுதலாக இருந்தது.

“உசிரோட இருந்தப்பவும் என்னை முந்திக்கிட்டுதான் ஓடுவா,” என்றார் தையற்காரர்.

மேசையை யாரும் தொடவில்லை. மகளின் எண்ணிக்கை மட்டும் மேலும் ஒன்று ஏறியது.

ஊழியர் பேனாவை மூடினார்.

“நடக்குறவங்க பேரை எடுக்க விதியில்லைண்ணே.”