காசியில் வெக்கை

அம்மா பஸ் நம்பரைப் பார்க்கவில்லை. கை காட்டினாள். பஸ் நின்றது.

பினாங்குக்கு வந்து இரண்டாவது நாள். வாழ்க்கையில் முதல் முறையாக வெளிநாடு வந்திருப்பதாகச் சொன்ன அறுபத்து மூன்று வயதுக்காரி, ஓட்டுநரிடம் கடற்கரையின் பெயரைச் சொல்லி ஏறினாள். வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கடல் வலப்பக்கம்தான் வந்தது.

அவன் பின் இருக்கையிலிருந்து அவளுடைய பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அவன் புனேயிலிருந்து வந்திருந்தான். தங்கை வடிவு பெர்த்திலிருந்து. அம்மா போத்தனூரிலிருந்து. அப்பா போய் ஆறு வருடத்துக்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்து எடுக்கும் முதல் விடுமுறை. மருமகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் யாரும் இந்த முறை வேண்டாம், நாம் மட்டும் என்றது அம்மா. ஊரைத் தேர்ந்தெடுத்ததும் அம்மாதான்.

அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இன்று காலையில்தான் தோன்றியது. ஹோட்டலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் அவனும் வடிவும் பலகையில் இருந்ததை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா தலை நிமிராமல், "தே ஓ கோசோங்" என்றாள். பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர் வந்தது.

"எப்பிடிம்மா தெரியும்?"

"யூடியூப்ல பாத்தேன் கண்ணு."

கடைக்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். புது ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பாக அது இல்லை.

கடற்கரையில் நேராக ஒரு சவுக்கு மரத்தடிக்கு நடந்து பாயை விரித்தாள். கால் கழுவும் குழாய் எங்கே என்று வடிவு கேட்பதற்குள் கையை நீட்டிக் காட்டினாள். போன் அதிர்ந்தது. படித்தாள். உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்தாள்.

"யாரும்மா?"

"கேஸ்காரன். சிலிண்டர் வந்திருக்காம்."

போத்தனூரில் அப்போது மணி எட்டு. அந்த ஆள் பத்துக்கு முன்னால் யார் வீட்டுக்கும் வந்ததில்லை.

யாரோ அவளை ஏமாற்றுகிறார்கள் என்று முதலில் நினைத்தான். தினம் ஒன்று பேப்பரில் வருகிறது. பிறகு வேறு மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அதைப் பாதியிலேயே நிறுத்தினான்.

போன ஜனவரியில் கோயில் குழுவோடு பன்னிரண்டு நாள் காசிக்குப் போய்வந்தாள். ஒரு போட்டோகூட இல்லை. போன் கங்கையில் விழுந்துவிட்டது என்றாள்.

மாங்காய்க் கீற்றை நீட்டியவளிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டான்.

"ஜனவரியில காசி எப்பிடிம்மா இருந்துச்சு?"

"ஒரே வெக்கை கண்ணு. விடிய விடிய ஃபேன் போட்டுத்தான் படுத்தோம்."

ஜனவரியில் காசியில் கம்பளி இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது.

'படுத்தோம்' என்று அவள் சொன்னதும் உறுத்தியது.

அவன் மாங்காயைத் தின்றான்.

அம்மாவும் வடிவும் தண்ணீரில் இறங்கினார்கள். அம்மாவின் பை பாயில் கிடந்தது.

ஜிப்பைத் திறந்தான். கண்ணாடிக் கூடு. தைலம். பாஸ்போர்ட்.

பக்கங்களைப் புரட்டினான். நேற்றைய முத்திரை. அதற்கு மேலே அதே மலேசிய முத்திரை, ஜனவரி தேதியோடு. அடுத்த பக்கத்தில் ஆகஸ்ட். திருச்சிக்கு மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்ன ஆகஸ்ட்.

அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தான். முகம் வரவில்லை. கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படம்தான் வந்தது.

பாயில் நிழல் விழுந்தது. வடிவு ஈரக் காலோடு நின்றாள்.

"நீயும் பாத்துட்டியாண்ணா?"

அவன் பாஸ்போர்ட்டை மூடினான்.

"நான் நேத்து ரூம்லயே பாத்தேன். அம்மா போன்ல அந்தப் பாட்டு ஆப்புல ஒருத்தர்கூட ஜோடிப் பாட்டு பாடுவாங்கல்ல. அவராத்தான் இருக்கும்."

"எந்த அவரு?"

வடிவு கரையைக் காட்டினாள்.

அறுபத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. மணலில் புதையும் ஷூ. இரண்டு கையிலும் பெரிய துணிப்பைகள். இருபதடி தள்ளி நின்றார். திரும்பி நடந்தார். மறுபடி வந்தார்.

முழங்கால் அளவுத் தண்ணீரில், சேலையைத் தூக்கிப் பிடித்தபடி அம்மா அசையாமல் நின்றாள். அவள் அந்த மனிதரைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேங்க் கார்டை நீட்டிவிட்டு ஒரு காலத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்திருக்கிறான்.

எழுந்து போனான். கேள்விகளை வரிசையாக வைத்திருந்தான். பெயர் என்ன. குடும்பம் எங்கே. எதற்காக இந்த ஒளிவு மறைவு.

"வணக்கம் தம்பி. என் பேரு வீரையா." பைகளைக் கீழே வைக்கவில்லை. "அம்மா இன்னிக்கு வர வேணாம்னுதான் சொன்னாங்க. பிள்ளைங்ககிட்ட நானே சொல்றேன், அப்புறம் வாங்கன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. சமைச்சிட்டேன்."

அவன் முகத்தை இளக்கவில்லை. "என்ன அது?"

"மீன் கொழம்பு தம்பி. உங்க ரெண்டு பேருக்கும் இதுல. அம்மாவுக்குத் தனியா, உப்பு கம்மியா. போன மாசம் பிரஷர் மாத்திரைய ரெண்டாக்கிட்டாங்கல்ல."

மாத்திரை இரண்டானது அவனுக்குத் தெரியாது.

திரும்பி, பின்னாலேயே வந்திருந்த வடிவைப் பார்த்தான். அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

எதிரே நின்றவரின் விரல்கள் பையின் பிடியில் வெளுத்துப் போயிருந்தன. அலை வந்து அவருடைய ஷூவை நனைத்தது. அவர் நகரவில்லை.

"ஒண்ண இப்பிடிக் குடுங்க" என்றான்.