மூன்று கூவல்

வேங்கை மரத்தின் மேல் பொன்னுரங்கம். மரத்தடியில் போலீஸ்.

ஒரு சப்-இன்ஸ்பெக்டர், ஒரு ஏட்டு. கல்வராயன் மலையில் வேறு மரமே கிடைக்காதது போல, இதன் வேரில் வந்து உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் தியாகதுருகம் சாலையில் புளியமரத்தைச் சாய்த்தவர்களில் பொன்னுரங்கமும் ஒருவன். எட்டு நாளாக மலையில்தான் குடித்தனம்.

கீழே ஊரில் அவன் மனைவி மலர்க்கொடிக்கு நேற்றே இடுப்புவலி கண்டுவிட்டது. சோறு கொண்டுவந்த அக்கா காசியம்மாள் சொன்னாள். வீட்டைச் சோதிக்க வந்த போலீஸ்கூட, பிரசவவலி என்று தெரிந்ததும் வாசலோடு திரும்பிவிட்டதாம்.

அப்போதே அக்காவும் தம்பியும் அடையாளம் பேசிவைத்தார்கள். போன தை மாதம் மூங்கில் வெட்ட வந்தபோது இங்கே காட்டுச்சேவல் கூவியதை அவன் கேட்டிருந்தான். அதை அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தான். அடிவார ஓடையில் நின்று அவள் கூவ வேண்டும். ஆண் என்றால் ஒரு கூவல். பெண் என்றால் இரண்டு. தாய்க்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆகிவிட்டால், கூவவே வேண்டாம்.

காட்டுச்சேவல் கூவினால் எந்தப் போலீஸ்காரன் திரும்பிப் பார்ப்பான்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டான்.

ஆனால் விடிந்து இவ்வளவு நேரமாகியும் ஓடைப் பக்கம் சத்தமே இல்லை.

அந்த நேரம் பார்த்து நிஜமாகவே ஒரு காட்டுச்சேவல் புதரை விட்டு வந்து சருகைக் கிளறியது. என்ன கோலம் அது! கழுத்து இறகு உதிர்ந்து, வாலும் போய், பார்க்கப் பெட்டைக்கோழி மாதிரி இருந்தது. கொண்டையையும் காலில் இருந்த முள்ளையும் வைத்துத்தான் சேவல் என்று சொல்ல முடிந்தது.

"கொக்... கொய்யாக்... குக் குக்!"

அக்காதான்! ஒன்று. ஆண்பிள்ளை!

கீழே சேவல் தூக்கிய காலை இறக்காமல் அப்படியே நின்றது. யார் வீட்டுப் பிள்ளை இவன் என்று கேட்பது போல ஓடைப் பக்கம் பார்த்தது. பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் ஒரு கூவல். உடனே இன்னொன்று.

மூன்றா? மூன்றுக்கு எதையும் பேசிவைக்கவில்லையே!

விரலை மடக்கினான். முதலில் ஒன்று, ஆண். பிறகு இரண்டு, பெண். அடி மலர்க்கொடி, இரட்டைப் பிள்ளையா!

சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. உடம்பு அதுபாட்டுக்குக் குலுங்க, கிளையும் குலுங்கியது. காற்றே இல்லாத காலையில் இலைகள் பொலபொலவென்று ஏட்டின் தலையில் கொட்டின.

"என்னய்யா சத்தம் அது?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"காட்டுச்சேவல் சார். இங்க ஜாஸ்தி. இப்டிதான் கூவிக்கினே இருக்கும்." ஏட்டு தலையிலிருந்த இலைகளைத் தட்டிவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் நம்பிவிட்டார். பூட்ஸை மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். ஏட்டு மட்டும் பூட்ஸ் கயிற்றைக் கட்டுகிறார், கட்டுகிறார், கட்டிக்கொண்டே இருக்கிறார்.

மேலதிகாரியின் தலை மறைந்ததும் எழுந்தார். அண்ணாந்து பார்க்கவில்லை. எதிரே இருந்த புதரிடம் பேசுவது போல மெல்லச் சொன்னார்.

"பொரட்டாசில காட்டுச்சேவல் இறக கொட்டிட்டு ஊமையா கெடக்கும்டா. அடுத்த புள்ளைக்காச்சும் மாசம் பாத்து கூவச் சொல்லு."