பச்சைப் பெட்டி

"கூச்சமா இல்ல உங்களுக்கு?"

கேட்டவர், கூலிங்கிளாஸைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த ஒரு பெண்மணி. வாங்கிக் கட்டிக்கொண்டவர், அவருக்கு முன்னால் நின்ற சட்டை கசங்கிய மனிதர். பக்கத்துக் கவுண்ட்டர் காலியாகக் கிடந்தும் இந்த நீள வரிசையில் வந்து நின்று, சாதாரண சோப்புத்தூள் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"நான் என்னம்மா பண்ணேன்?"

"அந்த நுரையெல்லாம் ஆத்துல போய் மீன் சாகுது. அதோ, பச்சைப் பெட்டியில ஆத்தைக் கெடுக்காத தூள் அடுக்கி வெச்சிருக்காங்களே, கண்ணு தெரியல? உங்களுக்குப் புள்ளகுட்டி இல்லையா?"

"ரெண்டு இருக்குங்க." மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதுங்க வாயிலதான் மண்ணள்ளிப் போடுறீங்க!"

கடை மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கவலை அவருக்கு. மாதக்கணக்கில் தூசி தின்னும் அந்தப் பச்சைப் பெட்டிகள் இந்த வாரமும் நகராவிட்டால், அவரே வீட்டுக்குப் போகலாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது.

மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய், பாக்கெட்டை வைத்துவிட்டுப் பச்சைப் பெட்டியோடு திரும்பினார்.

அவ்வளவுதான். வரிசையில் நின்ற உத்தமர்களுக்கெல்லாம் திடீரென்று மீன்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொருவராக நழுவிப்போய், பச்சைப் பெட்டியை எடுத்து ஊரார் கண்ணில் படும்படி கூடைக்கு மேலே வைத்துக்கொண்டார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு ஜென்மமாவது படிக்க வேண்டுமே! அடுத்த வசவு தன்மேல் விழாமல் இருந்தால் சரி.

பெண்மணி ஒரு வண்டி பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, உலகத்தையே காப்பாற்றிவிட்ட முகத்தோடு புறப்பட்டுப் போனார்.

சாயங்காலம் அலமாரி காலி. பின்வாசலில் மேனேஜர் அந்தக் கசங்கிய சட்டைக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என் வேலை பொழச்சுது! கண்ணு கலங்குனீங்க பாருங்க, நானே நம்பிட்டேன். அடுத்த வாரம் எங்க இன்னொரு கடைக்கும் வந்துடுங்க. அந்தம்மாவையும் மறக்காம கூட்டிட்டு வாங்க, என்னமா நடிக்கிறாங்க!"

மனிதர் சிரித்தார்.

"அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது சார். திட்டு வாங்கத்தான் ஆள் வேணும். திட்டுறதுக்கு எந்தக் கடையிலயும் பஞ்சமில்ல."