சீட்டில் மூன்றாவது வரி

இதைச் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். குறில் எது, நெடில் எது என்பதில் இன்றைக்கும் எனக்குத் தகராறு. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆள் பேரை எல்லாம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

எங்கள் வீட்டுக்குச் சின்ன டிராக்டர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பின்னால் மாட்ட என்னென்ன வாங்குவது என்று முடிவாகவில்லை. முடிவு செய்ய வேண்டியது நானும் என் வீட்டுக்காரர் வீரபத்திரனும். ஆனால் நடுவில் ஒருத்தி வந்து நின்றாள்.

"ஒம்பது கொத்துக் கலப்பைய நம்ம வண்டி இழுக்காதாம். அஞ்சு கொத்து போதும்னு சத்யா சொல்லுது."

"எரு அள்ள டிரெய்லர் வேணும்னு நான் சொல்லுறேனே, அது காதுல விழலையா?"

"அது பெறகு பாத்துக்கிறலாமாம். மிளகாய்க்கு மண்ணு பொடியாகணும், மொதல்ல ரோட்டவேட்டர வாங்குங்கன்னு சத்யா..."

"வண்டியில என்னத்த மாட்டுறதுன்னு அவகிட்ட கேக்குறீக. சட்டைக்குப் பித்தான் மாட்டவும் அவளையே கூப்பிட்டுக்கிருங்க!"

அவர் சிரித்தார். 

சத்யப்பிரியா பக்கத்துப் புஞ்சைக்காரி. புருசன் சவுதியில். டிராக்டரை அவளே ஓட்டுவாள். போன பங்குனியில் பத்து நாள் மதுரைப் பக்கம் போனவள், மொட்டைத் தலையோடு வந்து இறங்கினாள். பழனிக்கு நேர்ந்துகொண்டாளாம். அதிலிருந்து தலையில் எப்போதும் ஒரு துண்டு. முன்னே அவளுக்கு முழங்காலைத் தொடும் முடி. எனக்கு இடுப்பு வரைதான். அவளுக்கு அது போனபோது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் மடித்த சீட்டு ஒன்று. மறுநாள் அபிராமத்தில், உழவு சாமான் விற்கிற முஹைதீன் பாய் கடையில் கொடுக்கச் சொல்லி சத்யா எழுதிக் கொடுத்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

கலப்பை, அஞ்சு கொத்து.
ரோட்டவேட்டர், பழசே போதும்.
முடி. மறந்துறாதீங்கண்ணே.
மதினிக்குத் தெரிய வேணாம்.

 மொட்டைத் தலைக்குச் சவுரி முடி கேட்கிறதோ! அதை என் புருசன் வாங்கிக் கொடுக்கணுமோ! எனக்கு மட்டும் தெரியக் கூடாதோ!

கீழ் இரண்டு வரியைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மேல் பாதியை மடித்து, அவர் போட்டுப் போகிற சட்டையில் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் அவரால் படிக்க முடியாது. கடையில் அப்படியே நீட்டுவார். நீட்டினார்.

சனிக்கிழமை காலை புது வரவை வண்டியில் மாட்டி, வயலில் நிறுத்தி, ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலைக்குக் குளித்து, முடியை விரித்துப் போட்டபடி போனேன். சத்யா வருவாள் என்று தெரியும். வரட்டும், என் முடியைப் பார்க்கட்டும்.

ரோட்டவேட்டர் சுற்றுவதைப் பார்க்கப் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அண்ணே, ஆஃப் பண்ணுங்க! ஆஃப் பண்ணுங்க!"

வரப்பில் ஓடிவந்த சத்யா என் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அவர் பதறிப்போய் வண்டியை அணைத்தார்.

"மூடி எங்க மதினி?" மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"முடியா?" அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. அவர் காதில் விழாமல்தான். "சவுரி வேணும்னா ஒன் புருசன்ட்ட கேளுடி. என் புருசனுக்கு எதுக்குச் சீட்டு எழுதுற? அதான் கிழிச்சு அடுப்புல போட்டேன்."

 அவள் வண்டிக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் இருந்த இரும்புத் தண்டைக் காட்டினாள்.

"முடி இல்ல மதினி, மூடி. இந்த ஷாஃப்ட்டு சுத்துமே, அதுக்கு மேல போடுற மூடி. பழசு வாங்குனா அதைக் கேட்டு வாங்கணும்."

"அப்ப எனக்குத் தெரிய வேணாம்னு எழுதுனது?"

துண்டை அவிழ்த்தாள். குட்டை முடிக்கு நடுவே, காதுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வழுவழுவென்று தழும்பு.

"பழனிக்கெல்லாம் போகல மதினி. மூடி இல்லாத ஷாஃப்ட்டுல பின்னல் மாட்டிருச்சு. ஊருக்குத் தெரிஞ்சா, பொம்பளைக்கு எதுக்கு வண்டின்னு சாவியப் பிடுங்கிருவாக. ஒங்களுக்குத் தெரிஞ்சா பயத்துல அண்ணன வண்டியில ஏறவே விடமாட்டீக."

சொல்லிக்கொண்டே என் ஈர முடியைப் பார்த்தாள். 

அதற்குள் அவர் இறங்கி வந்துவிட்டார். "என்னத்தா, என்ன மூடி? சீட்டுல இருந்ததெல்லாம் பாய் எடுத்துக் குடுத்துட்டாரே?"

 சத்யா என் பக்கம் திரும்பவில்லை. துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டே சொன்னாள்:

"அதை நான்தாண்ணே எழுத மறந்துட்டேன்."

நான் முடியை அள்ளி இறுக்கிக் கொண்டை போட்டேன். வண்டிச் சாவியை உருவி இடுப்பில் செருகினேன்.

"மூடி வந்தாத்தான் சாவி" என்றேன் அவரிடம். நெடிலாகத்தான் சொன்னேன்.