இளையதம்பி வீட்டின் ஆபத்துகள்

"உவர்மலை இளையதம்பியர் வீடு இதுதானே?"

"ஓம், வாங்கோ. இருங்கோ," என்றார் விறாந்தைக் கதிரையில் இருந்தவர்.

காப்புறுதி முகவர் குலசிங்கத்துக்கு உற்சாகம் பிறந்தது. வழக்கமாக அவருடைய சைக்கிளைக் கண்டதுமே வீட்டுக்காரர்கள் பின்பக்கத்தால் நழுவிவிடுவார்கள்.

"ஐயா, அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் திரும்பி வந்தால் இந்த வீடு தாங்குமோ?"

"ஏன், தாங்காதோ?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கேட்டதுதான் தாமதம், குலசிங்கம் அவரை வீட்டைச் சுற்றி அழைத்துப் போனார். கூரைமேல் சாய்ந்து நிற்கும் தென்னையைக் காட்டினார். கறையான் அரித்த கூரை வளையைத் தட்டிக் காட்டினார். சுவர் வெடிப்புக்குள் தன் விரலையே விட்டுக் காட்டினார்.

"கிணத்தடி ஈரம் அத்திவாரத்தில ஏறுது, ஐயா. இன்சூரன்ஸ் இல்லாட்டி ஒரு மழைக்கு எல்லாம் போச்சு."

"நல்ல காலம் நீங்கள் வந்தது. எல்லாத்தையும் ஒரு தாளில எழுதி, கையெழுத்தும் போட்டுத் தாங்கோ."

பதினைந்து வருடத் தொழிலில் இப்படிக் காதுகொடுத்துக் கேட்ட ஆளைக் குலசிங்கம் கண்டதில்லை. ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தை நீட்டினார்.

அப்போது படலையைத் திறந்துகொண்டு, சோடாப் போத்தல்களோடு ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"தனிய விட்டிட்டுக் கடைக்குப் போனதுக்குக் குறை நினையாதேங்கோ, சம்பந்தி. மகளுக்குச் சீதனமா எழுதப்போற வீடு, பிடிச்சுதோ?"

"பிடிச்சிருக்கு, இளையதம்பி." கதிரைக்காரர் தாளை விரித்தார். "இந்தத் தம்பி எழுதித் தந்ததுகளை மட்டும் திருத்திப் போடுங்கோ. பிறகு கலியாணத்துக்கு நாள் வைப்பம்."

இளையதம்பி தாளை வாசித்து முடிப்பதற்குள், பின்பக்கத்தால் போக வழியிருக்கிறதா என்று குலசிங்கம் தேடத் தொடங்கியிருந்தார்.