ஆவாரை விதை

மிளகாய் போட்டுவந்த நிலத்தில் இந்த வருடம் ஆவாரை விதைக்கப்போவதாக வேலாண்டி சொன்னபோது, அவன் மனைவி பூமயில் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மழை இல்லாவிட்டாலும் கரட்டில் தானாக முளைக்கிற செடியை யாராவது உழுத நிலத்தில் விதைப்பார்களா? அவன் விதைகளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டான்.

“ஊரே மழைக்குக் காத்துக் கெடக்கு. இனிமே வராதுன்னு சொல்றியா?” என்றாள் பூமயில்.

“நான் எங்க சொன்னேன்? வெதைக்கத்தான செய்றேன்.”

ஒரு சாரலில் செடி முளைத்தது. மறுநாளே யாரோ அதை மிதித்துப் போட்டிருந்தார்கள். வேலாண்டி யாரையும் திட்டவில்லை. திரும்பவும் விதைத்தான். ஐப்பசியில் மேகம் கூடிக்கூடிக் கலைந்தது. ஊரில் போட்ட பயிரெல்லாம் கருகியது. ஆவாரை மட்டும் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

பக்கத்து நிலத்துக்காரன் சேவுகன்தான் முதலில் வந்தான். “விதை மிச்சம் இருக்கா, மாப்ள?” என்று தரையைப் பார்த்துக் கேட்டான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பூமயில்தான் அள்ளிக்கொடுத்தாள். கொடுக்கக் கொடுக்க, மழை இனி வராதோ என்ற பயம் அவளுக்குக் கூடிக்கொண்டே போனது.

ஒரு நண்பகலில் சோணமுத்து வந்து துண்டை விரித்தார். கண்மாய் மடையைத் திறந்து ஊர் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது பரம்பரையாக அவர் குடும்பத்தின் வேலை.

“எனக்கும் ரெண்டு கை போடு, தாயி.”

“ஒங்களுக்கு நெலமே கெடையாதே சித்தப்பா. எங்க வெதைக்கப் போறீங்க?”

“கம்மாய்க்குள்ள.”

பூமயிலின் கை விதைக்குள்ளேயே நின்றது. அவர் துண்டை மடக்கவில்லை.