தறி நின்ற நேரம்

பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓட்டும் பச்சமுத்துவிடம் கலைமணி கெஞ்சினாள்.

"அண்ணா, பதினொரு மணிக்கு அரை மணி நேரம் தறிய நிறுத்துங்க. போன ரெண்டு இன்டர்வியூவும் இந்தச் சத்தத்துலதான் போச்சுங்க. இதுவும் போனா எனக்கு வேற வழியில்லீங்க."

"நாளைக்கு லுங்கி பீஸ் அனுப்போணும். சரி சாமி, உனக்காக நிறுத்தறேன்."

அவளுடைய கைக்குழந்தை தூளியில் தூங்கியது. கலைமணி தலையை வாரிக்கொண்டு லேப்டாப் முன் அமர்ந்தாள். சொன்னபடியே பதினொரு மணிக்கு எட்டுத் தறிகளும் நின்றன.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றார் திரையில் வந்த அதிகாரி.

அவள் வாய் திறக்குமுன் குழந்தை வீறிட்டது. தோளில் போட்டுத் தட்டினாள், அடங்கவில்லை. பிறந்ததிலிருந்து தறிச் சத்தம் இல்லாமல் அது ஒருநாளும் தூங்கியதில்லை.

"ஒரு நிமிஷங்க சார்" என்றவள் ஓடிப்போய்ச் சுவரைத் தட்டினாள்.

"அண்ணா, தறிய ஓட்டுங்க."